படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் நாற்காலி



சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது நினைவிருக்கிறதா? தரைத்தளத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களை ஆக்கர் கடைக்கு அனுப்புவதற்காக எடுத்த பட்டியல். துருப்பிடித்த சைக்கிள் நான்கு, உடைந்த வாஷ்பேசின் ஒன்று, காலி பெயிண்ட் டப்பாக்கள், அதற்கும் கீழே 'பழைய சக்கர நாற்காலி 1, பி பிளாக் படிக்கட்டுக்கு அடியில்'. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினோம். நானும்தான்.

அன்று இரவே ஒரு தாய் எனக்குத் தனியாக எழுதினார். "அது பழசு இல்லை சார். வந்து எட்டு மாசம்தான் ஆகுது." அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். கழுத்து முழுதாக நிற்காது, முதுகுக்குப் பிடிமானம் இல்லை. ஒரு தனியார் நன்கொடை முகாமில் மாலை, போட்டோ எல்லாவற்றோடும் அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். பையனை அதில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிகிறான். வீட்டுக்குள் வைக்க இடமில்லை, கொடுத்ததைத் தூக்கிப் போடவும் மனசில்லை, அதனால் கீழே வைத்தோம் என்றார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இந்தப் பகுதியில் வழக்கமாக நம் ஊரின் பழைய சங்கதிகளை எழுதுவேன். இந்த முறை அந்த நாற்காலியின் சங்கதி. நடக்க முடியாத குழந்தைக்கு வந்த நாற்காலி அந்தக் குழந்தைக்கு உதவாமல் போனதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் கடைசி சில அடிகள் நம் காம்பவுண்டுக்குள் இருக்கின்றன.

நம் பக்கத்தில் குழந்தைக்கு முதல் வண்டி நடைவண்டி. மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் ரத வீதிக் கடைகளில் நடைவண்டியும் மரச்செப்பும் குவித்து வைத்து விற்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது பழைய பழக்கம். சங்க இலக்கியமான பட்டினப்பாலையிலேயே, குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைக் குழந்தைகள் உருட்டி விளையாடுவது வருகிறது. பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவது ஒரு பருவமாகவே பாடப்படுகிறது.

ஆனால் நடைவண்டி ஒன்றை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. குழந்தை தானாக நிற்க வேண்டும், கையால் கட்டையைப் பிடிக்க வேண்டும். அது முடியாத குழந்தை இருந்த வீடுகளில் என்ன செய்தார்கள்? ஐந்தாறு வயது வரை இடுப்பில். அதன் பிறகு தூளியில் அல்லது பாயில். கொஞ்சம் விவரமான பாட்டிகள் இருந்த வீட்டில், இரண்டு சுவர் சேரும் மூலையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அந்த மூலையை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடியும் வருகிறேன்.

மேலைநாட்டுச் சக்கர நாற்காலியின் கதையில் வருபவர்கள் எல்லாம் பெரியவர்கள். 1595இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு ஒரு சக்கர நாற்காலி செய்தார்கள். அவருக்குக் கீல்வாதம். 1655இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக் கைவினைஞர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகவே செய்துகொண்டார். 1783இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் டாசன் செய்த 'பாத் சேர்' நோயாளிகளை ஊர் சுற்றிக் காட்டியது. இவற்றில் எதையும் மடக்க முடியாது.

மடக்கும் நாற்காலி 1933இல் அமெரிக்காவில் வந்தது. ஹெர்பர்ட் எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த பொறியாளர். அவரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து எஃகுக் குழாயில், பெருக்கல் குறி போன்ற தாங்கி வைத்து ஒன்றைச் செய்தார்கள். காரில் எடுத்துப் போக முடியும் என்பதுதான் அதன் பெருமை. நம் ஆஸ்பத்திரிகளிலும் ரயில் நிலையங்களிலும் பார்க்கிற நாற்காலி, பி பிளாக் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிற நாற்காலி, எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

சிக்கலும் அந்த மடிப்பில்தான். மடங்க வேண்டுமானால் இருக்கையும் முதுகும் துணியாகவோ ரெக்சினாகவோ இருந்தாக வேண்டும். துணி தொய்யும். கையும் தோளும் வலுவான எவரெஸ்டுக்கு அது பொருட்டல்ல, தானே நிமிர்ந்துகொள்வார். தன்னை நிமிர்த்திக்கொள்ள முடியாத குழந்தையை அதில் வைத்தால் தூளியில் போட்டது போலத்தான். இடுப்பு ஒரு பக்கம் சாயும், முதுகு வளையும், தலை தொங்கும். தலை தொங்கினால் சோறு விழுங்குவது கஷ்டம், மூச்சும் கஷ்டம். இதோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். பெரியவர் நாற்காலியின் இருக்கை அகலம் வழக்கமாக 18 அங்குலம். ஒன்பது வயதுப் பையனின் இடுப்பு 10, 11 அங்குலம்தான் இருக்கும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இந்தத் துறையைத் தொடங்கி வைத்தது போரும் போலியோவும் விபத்தும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்ததற்குக் காரணம் அவர்தான். மத்திய அரசு கான்பூரில் 'அலிம்கோ' என்ற செயற்கை உறுப்புகள் தயாரிப்பு நிறுவனத்தை 1972இல் பதிவு செய்து 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. காலிப்பர், ஊன்றுகோல், செயற்கைக் கால், கையால் சுற்றும் முச்சக்கர வண்டி. உபகரணங்களை இலவசமாகவோ மானியத்திலோ கொடுக்கும் 'அடிப்' திட்டம் 1981இல் வந்தது. உலக ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்த வருடமும் அதுதான். அப்போது அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது.

அதே 1981இல் நமக்கு மிகவும் பக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. இங்கிருந்து தென்காசி சாலையில் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் ஆய்க்குடி. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். போலியோ பாதித்த குழந்தைகளுக்கான சிறிய பள்ளியாகத்தான் அது ஆரம்பித்தது. தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் 1992இல் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

போலியோ குழந்தைக்குக் கால்தான் பலவீனம். கையும் தலையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். காலிப்பர் போட்டால் நடப்பான், முச்சக்கர வண்டி கொடுத்தால் கையால் சுற்றிப் பள்ளிக்கூடம் போவான். தொழிற்சாலை, திட்டம், முகாம், கொடுப்பவர்களின் மனசில் இருந்த படம், எல்லாமே அந்தக் குழந்தைக்காக உருவானவை. அதில் தப்பில்லை, அன்றைய தேவை அதுதான். போலியோவும் போய்விட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் யாருக்கும் அது வரவில்லை, 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் முகாம்களின் பழக்கம் மட்டும் போகவில்லை.

மூளை முடக்குவாதக் குழந்தையின் கதை வேறு. மூளை வளரும் பருவத்தில் ஏற்படும் பாதிப்பு அது. தசைகள் இறுகும் அல்லது துவளும். 1997இல் கனடாவில் வகுத்த ஒரு அளவுகோல் இந்தக் குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை ஓடும், ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிறுத்தவே துணை வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 323 குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நிலையில் யாருக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை. ஐந்தாம் நிலையில் 100க்கு 90 பேருக்கு விலகியிருந்தது. ஒரே பெயருள்ள குறைபாட்டில் இவ்வளவு தூரம். ஒரே மாதிரி நாற்காலியை வரிசையில் நிறுத்திக் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்?

இந்தக் குழந்தைகளுக்கென்று முதலில் ஓடியவர்கள் தாய்மார்கள். மும்பையில் மிது அலுர் தன் மகளுக்காக 1972இல் தொடங்கியது ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. சென்னையில் பூனம் நடராஜன் தன் மகனை வளர்த்த அனுபவத்தில், 1985இல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது இன்றைய வித்யா சாகர். சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் தனியாக இல்லை, 'இயக்கக் குறைபாடு' என்ற தலைப்புக்குள் அடக்கம். 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி அழைத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதற்குத் தனி இடம் கிடைத்தது.

உபகரணமும் மெதுவாக மாறியது. அலிம்கோவே 'சி.பி. சேர்' என்று ஒன்றைச் செய்கிறது. தமிழ்நாடு அரசும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென மாற்றியமைத்த சக்கர நாற்காலி தருகிறது. கடினமான இருக்கை, தலைக்கு அணை, நெஞ்சுக்கு வார், கால்கள் பின்னிக்கொள்ளாமல் நடுவில் ஒரு கட்டை, முன்னால் தட்டு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதில் உட்கார்ந்த குழந்தை தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

அடிப் திட்ட விதிகளில் 2014இல் ஒரு நல்ல வரி இருந்தது. ஒருமுறை உபகரணம் வாங்கியவர் அடுத்ததற்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரே ஆண்டு போதும். குழந்தை வளரும் என்பது யாரோ ஒரு அதிகாரிக்கு நினைவிருந்திருக்கிறது. அதே விதிகளில் மோட்டார் சக்கர நாற்காலி மட்டும் 16 வயது நிரம்பியவர்களுக்குத்தான். விதி இருந்தாலும் நடைமுறை வேறு. முதல் முகாமில் அளவெடுப்பு, இரண்டாவது முகாமில் வழங்கல். நடுவில் மாதங்கள் ஓடும். வளரும் வயதில் குழந்தை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்ந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்க எட்டுப் படிகளை வகுத்தது. ஆளைக் கண்டறிந்து அனுப்புதல், பரிசோதனை, எது வேண்டும் என்று எழுதுதல், பணமும் ஆர்டரும், தயாரிப்பு, உடம்புக்குப் பொருத்துதல், பழக்குதல், பிறகு வந்து பார்த்தல். நம் நன்கொடை முகாம்களைப் பாருங்கள். பணம், ஆர்டர், போட்டோ. மீதிப் படிகளைக் காணோம். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பணி ஓய்வு பெற்ற அன்று நானும் ஒரு இல்லத்துக்கு இரண்டு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். யார் உட்காரப் போகிறார்கள், என்ன அளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த போட்டோ இன்னும் என் ஹாலில் மாட்டியிருக்கிறது.

இனி அந்த மூலைக்கு வருகிறேன். வீட்டுக்குள் சக்கரத்தைவிட முக்கியமானவை வேறு சில உண்டு. 'கார்னர் சேர்' என்று ஒன்று. இரண்டு பலகையைச் செங்குத்தாக மூலை போலச் சேர்த்து, கீழே இருக்கை, முன்னால் தட்டு. தோள்கள் பின்னால் போகாமல் முன்னால் வருவதால் கைகள் விளையாட வசதி. நம் பாட்டிகள் தலையணை வைத்த சுவர் மூலையேதான், மரத்தில். இன்னொன்று 'ஸ்டாண்டிங் ஃபிரேம்', குழந்தையை வார் போட்டு நிற்க வைக்கும் சட்டம். எலும்புக்கும் மூட்டுக்கும் குடலுக்கும் நிற்பது நல்லது என்று தினமும் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். இரண்டையும் நல்ல ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் செய்துவிடுவார். டேவிட் வெர்னர் என்ற அமெரிக்கர் மெக்சிகோ மலைக் கிராமத்தில் வேலை செய்து, கிராமத்து ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றி 1987இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். மரத்துண்டு, டயர், அட்டைப்பெட்டி ஆகியவற்றில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருப்பார். ஆனால் அளவை ஆசாரி எடுக்கக் கூடாது. கோணம் தப்பினால் உதவியே உபத்திரவம். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தால், கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமை உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வருவது அதன் வழியில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆய்க்குடியிலும் பள்ளியோடு நிற்கவில்லை. பணியாளர்கள் டேப்லெட்டோடு கிராமம் கிராமமாக வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் பதிவு செய்கிறார்கள். நம் பி பிளாக் தாய்க்கு இதில் எதையும் யாரும் சொன்னதில்லை. அடையாள அட்டைக்கு அலைந்ததோடு, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வந்ததோடு நின்றுவிட்டார். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது தெரியும். ஆனால் மடியில் படுக்க வைத்த பையனோடு பஸ்ஸில் 50 கிலோமீட்டர் போய் வருவதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நம் ராஜபாளையமும் சத்திரப்பட்டியும் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர்கள். ஊரில் எத்தனையோ லேத் பட்டறை, வெல்டிங் கடை, தையல் யூனிட். ஒரு குழந்தைக்கு அளவெடுத்து ஒரு இருக்கை செய்ய நமக்கு என்ன குறை?

இப்போது நம் கட்டடம். சரியான நாற்காலியே நாளைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். ஆறு பேர் லிஃப்டின் கதவு வழக்கமாக 70 சென்டிமீட்டர் அகலம், உள்ளே ஆழம் ஒரு மீட்டர். நம்முடையதை டேப் வைத்து அளந்தேன், அதேதான். தலை அணையும் கால் பலகையும் உள்ள சி.பி. நாற்காலி, கொஞ்சம் சாய்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். கால் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே போகும். சரி, சமாளிக்கலாம். கீழே இறங்கிய பிறகு வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே நமக்கு உதவவில்லை. பொதுக் கட்டடம் எது என்று அது சொல்லும் இடத்தில் பள்ளி, ஆபீஸ், கடை, கோயில், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் வருகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு வரவில்லை. 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்புதான். ஆனாலும் நம் மூன்று படிக்கு அதை வைத்து யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. இதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

கணக்கு எளிது. உயரம் ஒரு பங்கு என்றால் சரிவின் நீளம் 12 பங்கு. நம் மூன்று படி ஒன்றரை அடி. ஆக 18 அடிச் சரிவுப் பாதை, மேலே திரும்ப ஐந்தடி இடம், ஓரத்தில் கைப்பிடி. நேராகப் போட இடமில்லை, எல் வடிவில் திருப்பலாம். அப்படித் திருப்பினால் விருந்தினர் கார் நிறுத்தும் இடம் ஒன்று போகும். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும் என்று தெரியும். போன வாரம் ஒரு நண்பர் என்னிடம், "ஒரு வீட்டுக்காகவா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரர் படியில் டம் டம்மென்று உருட்டி ஏற்றினார். ஏ பிளாக்கில் முழங்கால் ஆபரேஷன் செய்த ஆச்சி பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். ஒரு பேத்தியின் தள்ளுவண்டியை இரண்டு பேர் தூக்கினார்கள். இவர்கள் யாரும் இதுவரை சங்கத்தில் புகார் கொடுத்ததில்லை. அந்தத் தாயும் கொடுக்கவில்லை. பையன் கடைசியாக வாசலைத் தாண்டியது தீபாவளிக்கு, அப்பாவின் தோளில். இப்போது அவனுக்கு 21 கிலோ. அப்பாவுக்கு இடுப்பு வலி.

பட்டியலிலிருந்து நாற்காலியைச் செயலாளர் எடுத்துவிட்டார். வாட்ச்மேன் அண்ணாச்சி அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருக்கிறார். அளவு பொருந்தும் பெரியவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று அந்தத் தாயும் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், உயரம், எடை, இடுப்பு அகலம் மூன்றையும் கேட்டுக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். பையனுக்கு வட்டார வள மையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் கார்னர் சேர், அதன் பிறகு வெளியே போக நாற்காலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பலகை அறுக்க நம் சி பிளாக் நண்பரின் மரப் பட்டறை.

வரும் பொதுக்குழுவில் சரிவுப் பாதை ஏழாவது பொருளாக இருக்கிறது. ஏழாவது வருவதற்குள் பாதிப் பேர் டிபன் சாப்பிடக் கிளம்பிவிடுவது நம் வழக்கம். அதை இரண்டாவதாக எடுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஒப்பந்ததாரர்களின் மதிப்பீடும், கார் இடம் போகாமல் பின்வாசல் வழியாகப் போட முடியுமா என்ற வரைபடமும் அன்று மேசையில் இருக்கும்.